‘பரவாயில்லை’ என்று எழுதாமல் ஓர் இரண்டாம் பாகத்தை மதிப்பிடுவது எப்படி

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பிற்பகலில் வெளியே போக வழியில்லை. அந்த மாதங்களில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடிப் புத்தகம் பேசுவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள், சமவெளிக் கல்லூரியில் சேர்ந்து விடுமுறைக்கு மலையேறி வருபவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் ஓர் இளைஞர் என்று பலதரப்பட்டவர்கள் வருவார்கள். அவர்கள் படிப்பவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள். படித்ததைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது மட்டும் கறாரான விதி.

சென்ற மழைக்காலத்தில், ஜப்பானிய நாட்டார் கதைகளை அடியொற்றி எழுதப்பட்ட இளையோர் மிகுபுனைவு வரிசை ஒன்றின் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டோம். முதல் பாகத்தை இவர்களே கைமாற்றிக் கைமாற்றி அட்டை கிழியும்வரை படித்திருந்தார்கள். இரண்டாம் பாகத்துக்கு வந்த பதினொரு குறிப்புகளில் எட்டு, சொல்லிவைத்தாற்போல, ‘பரவாயில்லை’ என்ற சொல்லில் முடிந்தன. வாய்திறந்து பேசச் சொன்னபோதுதான், அவர்களில் ஒருவருக்கும் அந்த நூல் பரவாயில்லையாக இருக்கவில்லை என்பது தெரிந்தது. சில இடங்களில் மனம் நிறைந்திருந்தது. சில இடங்களில் எரிச்சல் வந்திருந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதிவிட்டார்கள். கொதிக்கும் தேநீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, இதுதான் இரண்டின் சுவையும் என்று சொல்வதைப் போன்றது அது.

அதன் பிறகு நாங்கள் கைக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். நூலின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு முறையை விட்டு நூலின் மீது திரும்பிவிடும். கதைநாயகி பாதி மனுஷி, பாதி நரி என்பதும், முதல் பாகத்தில் வாலை மறைத்துக்கொண்டு ஒரு சத்திரத்தில் வேலை செய்தவள் இரண்டாம் பாகத்தில் தலைநகரை நோக்கிப் பயணம் போகிறாள் என்பதும் தெரிந்தால் போதும்.

படிக்கத் தொடங்கும் முன்

முதல் பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை மீண்டும் படியுங்கள். முழு நூலையும் படிக்கத் தேவையில்லை. அது உற்சாகத்தைத் தின்றுவிடும். பிறகு ஒரு துண்டுத்தாளில், இரண்டாம் பாகத்தில் என்ன நடக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ அதை நான்கைந்து வரிகளில் எழுதி, மடித்து, பின்னட்டைக்குள் வைத்துவிடுங்கள். படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்கக் கூடாது.

இந்தத் துண்டுத்தாள் அற்பமாகத் தோன்றலாம். எங்கள் அனுபவத்தில், ஓர் இரண்டாம் பாகத்தைப் பற்றிய மனக்குறைகளில் கணிசமான பகுதி அந்தத் தாளில்தான் இருக்கிறது, நூலில் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், நாயகியின் தாய் யார் என்பது இந்தப் பாகத்தில் வெளிப்பட்டே ஆக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். அது வெளிப்படவில்லை. நூல் முழுவதையும் ஏமாற்றம் என்று எழுதியவள், தாளைப் பிரித்துப் பார்த்ததும் சற்று வெட்கப்பட்டாள். ஆசிரியர் அப்படி ஒரு வாக்குறுதியை எங்கும் தரவில்லை என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். ஆசிரியர் முதல் பாகத்தில் கொடுத்த வாக்குறுதி வேறு, நாம் நமக்கே கொடுத்துக்கொண்ட வாக்குறுதி வேறு. முதலாவதை மீறினால் குற்றம் சாட்டலாம். இரண்டாவதற்கு நூல் பொறுப்பாகாது.

படிக்கும்போது

உணர்ச்சியை எழுதாமல் பக்க எண்ணை எழுதுங்கள். பென்சிலால், ஓரத்தில், ஒரு கோடு போதும். நூலகப் புத்தகமாக இருந்தால் காகிதத் துண்டு வைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்பதையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனதாலும், குன்னூர்ப் பேருந்து வந்துவிட்டதாலும் மூடியது கணக்கில் வராது. மூடுவதற்கு வெளிக்காரணம் எதுவும் இல்லாதபோதும் கை தானாக மூடிய பக்கம் எதுவோ அதுதான் நமக்கு வேண்டும். எங்கள் பதினொரு பேரில் ஏழு பேருடைய கை ஏறத்தாழ ஒரே அத்தியாயத்தில் மூடியிருந்தது என்பதைப் பிற்பாடு கண்டோம். அதுவரை நாயகியும் அவளுடைய தோழனுமாக இருவர் மாறி மாறிச் சொல்லிவந்த கதையில், அந்த அத்தியாயத்திலிருந்து புதிதாக இருவர் சேர்ந்து சொல்லத் தொடங்குகிறார்கள். ‘கதை இழுக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த குறை, ‘குரல்கள் இரண்டிலிருந்து நான்காகும் இடத்தில் பிடி தளர்கிறது’ என்று திருத்தமாயிற்று. இப்படிச் சொல்லப்பட்ட குறையை மற்றொருவர் மறுக்கவாவது முடியும்.

நடுப்பாகத்தின் குறையும் நூலின் குறையும்

மூன்று பாகங்கள் கொண்ட வரிசையில் நடுவில் இருப்பதற்குச் சில இயல்பான சங்கடங்கள் உண்டு. அறிமுகத்தின் வியப்பு முதல் பாகத்தோடு தீர்ந்துவிட்டது. முடிவின் நிறைவு மூன்றாம் பாகத்துக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. இடையில் இருப்பது வழிப்பயணம் மட்டுமே. வார இதழ்த் தொடர்கதைகளில் வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு இது புதிதல்ல. ஒரு வாரம் கதை நகரவில்லை என்றால் அடுத்த வாரம் நகரும் என்று இருந்துவிடுவார்கள். ஓராண்டு காத்திருந்து ஐந்நூறு பக்கங்களை வாங்கிப் படிப்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. இருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இந்த இடம் தனக்கென்று ஏதாவது செய்கிறதா, அல்லது மூன்றாம் பாகத்துக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் இருக்கிறதா? பயண அத்தியாயங்கள் நீளமாக இருப்பது குறையாகாது. ஆற்றங்கரைக் கிராமத்தில் இரண்டு நாள் தங்கும் பகுதியில் யாருடைய மனமும் மாறவில்லை, யாருக்கும் எதுவும் தெரியவரவில்லை, அங்கிருந்து புறப்படும்போது வந்தபடியே புறப்படுகிறார்கள் என்றால், அதுதான் குறை. மாறாக, எதுவுமே நடக்காததுபோல் தோன்றும் ஓர் இரவில் நாயகி முதன்முறையாகத் தன் வாலை மறைக்காமல் தூங்குகிறாள். சண்டைக் காட்சிகள் எல்லாவற்றையும் விட அது கதையை அதிக தூரம் நகர்த்தியது என்பது என் கருத்து. இங்கு எனக்கு உடன்பாடில்லாத பையன்கள் நான்கு பேர் உண்டு. வாட்போர் போதவில்லை என்பது அவர்களுடைய நிலையான புகார்.

நாட்டார் கதைகளைப் பயன்படுத்திய விதம்

நீண்ட விவாதமும் அதிகமான தடுமாற்றமும் இந்தப் பகுதியில்தான் வந்தன. ஆகையால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

முதலில் நம் கையில் ஏற்கெனவே இருக்கும் நரியைக் கீழே வைக்க வேண்டும். தமிழ் வாசகருக்கு நரி என்றால் ஏய்ப்பு; ‘நரித்தனம்’ என்பதற்கு நல்ல பொருள் கிடையாது. திருவிளையாடலில் நரிகள் பரிகளாகிப் பாண்டியன் லாயத்துக்கு வந்து, இரவில் மீண்டும் நரிகளாகி ஊளையிடுகின்றன. அங்கேகூட உருமாற்றும் ஆற்றல் இறைவனுடையது, நரியினுடையது அல்ல. ஜப்பானியக் கதைகளில் வரும் ‘கித்சுனே’ தானே உருமாறும். வயது ஏற ஏற அதன் வால்கள் பெருகி ஒன்பதாகும் என்பது நம்பிக்கை. ஒன்பது வால் நரி சீனத்திலிருந்து வந்து சேர்ந்தது. நெல்லுக்கும் வளத்துக்கும் உரிய ‘இனாரி’ தெய்வத்தின் தூதராகவும் நரி இருக்கிறது. கியோட்டோவில் உள்ள புஷிமி இனாரி கோயிலில் சிவப்புத் தோரண வாயில்களின் வரிசையில், சாவியையோ மணிக்கல்லையோ கவ்வியபடி நரிச்சிலைகள் அமர்ந்திருக்கும். பொரித்த தோஃபு நரிக்குப் பிடித்தமானது என்பதால், அதை மேலே போட்டுத் தரும் உடோன் நூடுல்ஸுக்குக்கூட நரியின் பெயர்தான்.

அதே நரி பேரழிவாகவும் வருகிறது. தமாமோ நோ மாயே என்ற அழகிய அரண்மனைப் பெண்ணாக வந்து தோபா பேரரசரை நோயில் தள்ளிய ஒன்பது வால் நரி, கொல்லப்பட்ட பின் நாசு என்ற இடத்தில் தொட்டவரைக் கொல்லும் கல்லாகியது என்பது கதை. எரிமலை வாயு கசியும் அந்த இடத்தில் அந்தக் கல் நெடுங்காலம் கிடந்து, 2022 மார்ச்சில் இரண்டாகப் பிளந்து காணப்பட்டபோது, நரி வெளியேறிவிட்டதோ என்று உலகம் முழுவதும் பாதி விளையாட்டாகப் பேசிக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒரு நரியும் உண்டு. குசுனோஹா என்ற பெயரில் மனுஷியாக வாழ்ந்து, கணவனுக்குப் பிள்ளையும் பெற்றுக் கொடுத்து, ஒருநாள் உண்மை உருவம் வெளிப்பட்டுவிட்டதால் காகிதத் திரையில் ஒரு கவிதையை எழுதிவைத்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிப் போன தாய் அவள். அந்தப் பிள்ளைதான் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற சோதிட வல்லுநர் அபே நோ செய்மெய் என்று வழக்கு.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ‘பாதி நரியை நல்லவளாகக் காட்டியிருப்பது இக்காலத்து நாகரிகம், செயற்கை’ என்று ஒரு குறிப்பில் எழுதப்பட்டிருந்தது. குசுனோஹாவின் கதையைச் சொன்ன பிறகு அந்தக் குறை நிற்கவில்லை. தாயும் தெய்வத்தூதும் கொலைகாரியுமாக மூன்று முகங்கள் கொண்ட ஒரு மரபிலிருந்து ஆசிரியர் எந்த முகத்தை எடுத்தார், மற்ற இரண்டையும் என்ன செய்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் நூல் முதல் பாகத்தில் மூன்றையும் நாயகிக்குள்ளேயே மோதவிட்டது. இரண்டாம் பாகத்தில் கொடுமையையெல்லாம் வேறொரு நரியிடம் ஒப்படைத்துவிட்டு அவளை வெறும் நல்லவளாக்கிவிட்டது. என்னுடைய வருத்தம் அங்கேதான்.

அடுத்ததாக, ‘இது மரபுக்கு ஒத்ததாக இல்லை’ என்று எழுதுவதற்கு முன் எந்த மரபு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘கப்பா’ என்ற நீர்ப்பிராணியை எடுத்துக்கொள்வோம். சிறுபிள்ளை உயரம், முதுகில் ஓடு, உச்சந்தலையில் தண்ணீர் நிற்கும் ஒரு குழி. அந்தத் தண்ணீர் சிந்திவிட்டால் அதன் வலிமை போய்விடும். வெள்ளரிக்காய் என்றால் உயிர். மரியாதை மிகுந்தது என்பதால், எதிரே நிற்பவர் குனிந்து வணங்கினால் தானும் குனிந்து வணங்கித் தண்ணீரைச் சிந்திவிடும். வேறு ஊர்களில் பச்சை முகத்தோடு சொல்லப்படும் கப்பாவுக்கு, இவாத்தே மலைப்பகுதியைச் சேர்ந்த தோனோ வட்டாரத்தில் முகம் சிவப்பு. அந்த வட்டாரத்துக் கதைகளை உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லக் கேட்டு யானகிதா குனியோ 1910இல் நூலாக்கினார். 1776இல் தோரியாமா செகியென் வெளியிட்ட படத்தொகுப்புதான் இந்தப் பிராணிகளுக்கு இன்று நாம் காணும் உருவத்தைப் பெருமளவு தந்தது. அந்த வரிசையின் பிற்கால நூல்களில் இருக்கும் உருவங்களில் பல அவரே கற்பித்தவை. 1904இல் பேய்க்கதைகளைத் தொகுத்து வெளியிட்ட லாஃப்காடியோ ஹெர்ன் கிரேக்கத் தீவில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்தவர். கதைகள் பலவற்றை ஜப்பானிய மனைவி சொல்லக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். ஊருக்கு ஊர் மாறியும், ஓவியர் கையில் பெருகியும், அயல்மொழி வழியாகச் சுற்றியும் வந்த ஒன்றை இப்போது ஒருவர் மாற்றிவிட்டார் என்பதற்காக மட்டும் கோபித்துக்கொள்ள முடியாது. நம் பக்கத்திலேயே படகர்கள் வணங்கும் ஹெத்தையம்மனின் வரலாற்றை ஹட்டிக்கு ஹட்டி, அதாவது ஊருக்கு ஊர், சற்று மாற்றித்தான் சொல்கிறார்கள். அதற்காக யாரும் யாரையும் பொய்யர் என்பதில்லை.

மாற்றியதால் கதைக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். எங்கள் நூலில் கப்பா ஆற்றிலிருந்து பாய்ந்து வருகிறது; பற்களைக் காட்டுகிறது; வாளால் வெட்டப்பட்டுச் சாகிறது. ஒரு முதலையை அங்கே வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். வணங்கினால் வணங்கும் பிராணி ஒன்றை, சத்திரத்தில் வருவோர் போவோருக்கெல்லாம் குனிந்து வணங்கியே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு எதிரே நிறுத்திவிட்டு, இருவரையும் வணங்கவிடாமல் ஆசிரியர் கடந்துபோயிருக்கிறார். இதை மரபுப் பிழை என்று சொல்ல மாட்டேன். கைக்கு வந்ததைத் தவறவிட்டது என்பேன். இதற்கு நேர்மாறாக, நூறாண்டு பழகிய வீட்டுப் பொருள்களுக்கு உயிர் வந்துவிடும் என்ற ‘த்சுகுமோகாமி’ நம்பிக்கையைக் கொண்டு அவர் எழுதிய அத்தியாயம் அருமை. சத்திரத்திலிருந்து நாயகி எடுத்துவந்த பழைய குடை, யாரும் எதிர்பாராத இரவில் ஒற்றைக் கண்ணைத் திறக்கிறது. ஒடிந்த ஊசிகளை எறியாமல் மென்மையான தோஃபுவில் செருகி நன்றி சொல்லும் சடங்கு இன்றும் உள்ள நாடு அது. ஆயுத பூசையன்று மண்வெட்டிக்கும் கவாத்துக் கத்திக்கும் சந்தனம் வைக்கும் நமக்கு அந்த அத்தியாயத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்படி இரண்டையும் அருகருகே வைத்து எழுதலாம். ‘இது நம் ஆயுத பூசைதான்’ என்று ஒன்றாக்கி எழுதிவிட வேண்டாம்.

வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தால் ‘காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்’ என்று நாம் சொல்வதையும், அதே வெயில்மழையை ஜப்பானியர்கள் நரி மணமகள் புகுந்த வீட்டுக்குப் போகும் ஊர்வலம் என்று சொல்வதையும்கூட இந்த வகையில்தான் சேர்க்க வேண்டும். ஒற்றுமை மனதுக்கு இதமானது. ஆனால் அங்கே அந்த ஊர்வலத்தை மனிதர் பார்க்கக் கூடாது என்ற அச்சமும் உண்டு. நம் காக்காய்க் கல்யாணத்தில் அச்சம் எதுவும் கிடையாது. எங்கள் நூலில் வெயில்மழை பெய்யும் காட்சியில் பிள்ளைகள் சிரித்தார்கள். கதைமாந்தர்கள் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று பிறகுதான் கேட்டார்கள்.

கடன்வாங்கும் உரிமை பற்றியும் சில பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அது வீண் கேள்வி அல்ல. நீலகிரியைக் களமாக்கி வெளியார் எழுதும் கதைகளை நாங்கள் படித்திருக்கிறோம். ஒரு தோடர் சால்வையும் ஒரு மூடுபனியும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அவற்றில் அத்தியாயத்துக்கு ஒருமுறை பூத்துவிடும். விளையாட்டை விட்டுச் சொன்னால், குறும்பர்கள் என்ற பழங்குடியினர் என்றாலே மந்திரம் வைப்பவர்கள் என்று மற்றவர்கள் கட்டிய கதை 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் குறும்பர்களின் உயிரையே வாங்கியிருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஆசிரியரின் பிறப்பை ஆராய்வதை விடப் பக்கத்தை ஆராயுங்கள். ஜப்பானியச் சொல் ஒன்று வரும் இடத்தில் அதை எடுத்துவிட்டு நேர்ப்பொருளை வைத்துப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தச் சொல் அங்கே அலங்காரத்துக்கு நிற்கிறது. எங்கள் நூலில் காலை வணக்கம், நன்றி, மன்னிக்கவும் ஆகியவையெல்லாம் ஜப்பானியத்தில் சொல்லப்பட்டு, உடனே அடுத்த சொல்லில் ஆங்கிலத்தில் திருப்பியும் சொல்லப்பட்டன. முதல் பாகத்தில் இந்தப் பழக்கம் இவ்வளவு இல்லை.

சொற்களைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை

தமிழில் எழுதும்போது ‘ஓனி’, ‘யோகாய்’ (இத்தகைய மாயப் பிராணிகளுக்கான பொதுப்பெயர்), ‘கப்பா’ போன்றவற்றை அப்படியே எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் ஒரு தொடரில் விளக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் ‘பேய்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். பேய், பிசாசு, பூதம், முனி, அணங்கு, அரக்கன் என்று நாமே இத்தனை வகை வைத்திருக்கும்போது அவர்களுடையதை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டுவது முறையல்ல. கொம்பும் இரும்புத் தண்டமும் கொண்ட ஓனிக்கு அரக்கன் நெருங்கி வரும். கப்பாவுக்கு எதுவும் வராது. நீண்ட மூக்கோடு மலைகளில் உறையும் சிறகுள்ள பிராணியின் பெயரை ‘தெங்கு’ என்று எழுதினால் தென்னை மரம் ஆகிவிடுகிறது. ‘டெங்கு’ என்று எழுதினால் காய்ச்சல் வந்துவிடுகிறது. நாங்கள் பெரும் விவாதத்துக்குப் பின் ‘தெங்கு’ என்றே வைத்துக்கொண்டோம். ‘தெங்கு பறந்து வந்தது’ என்ற வரியைப் படிக்கும்போது இன்றுவரை யாராவது ஒருவர் சிரித்துவிடுகிறார்.

வயது

இளையோருக்காக எழுதப்பட்ட நூலைப் பெரியவர்கள் மதிப்பிடும்போது ஒரு நேர்மை வேண்டும். பதினாறு வயது நாயகி பதினாறு வயதுக்குரிய முட்டாள்தனத்தைச் செய்தால் அது பாத்திரப் படைப்பின் குறையாகாது. அவளுடைய காதல் தயக்கங்கள் முப்பது பக்கங்களுக்கு நீள்வது எனக்குச் சலிப்பாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதே முப்பது பக்கங்களை மூன்று முறை படித்திருந்தாள். ‘சலிப்பூட்டுகிறது’ என்று நான் எழுதியிருந்ததை ‘எனக்குச் சலித்தது’ என்று மாற்றினேன். ‘எனக்கு’ என்ற ஒரு சொல் சேர்ந்ததும் அது தீர்ப்பு என்ற நிலையிலிருந்து சாட்சியம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது.

எழுதும்போது

படித்து முடித்த அன்றே எழுத வேண்டாம். மூன்று நாள் கழித்து, நூலைத் திறக்காமல், நினைவில் நிற்கும் காட்சிகளை முதலில் எழுதுங்கள். அதன் பிறகு பக்க எண்களை எடுத்துச் சரிபாருங்கள். படிக்கும்போது எரிச்சலூட்டியவற்றில் பல நினைவிலிருந்தே போயிருக்கும். நினைவில் நிற்பவற்றுக்கே குறிப்பில் அதிக இடம் கொடுங்கள்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், அங்கே எது இருக்கிறதோ அதுவே தீர்ப்பாகப் படும் என்பதை மறக்க வேண்டாம். ‘நடை அழகாக இருந்தாலும் கதை தளர்கிறது’ என்றால் நூல் தோற்றது. ‘கதை தளர்ந்தாலும் நடை அழகாக இருக்கிறது’ என்றால் நூல் பிழைத்தது. இரண்டு வாக்கியங்களும் சொல்லும் செய்தி ஒன்றே. கலவையான உணர்வை எழுதுபவர் பெரும்பாலும் தன்னை அறியாமல் ஒரே வகை வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். எட்டு பாராட்டுகளைச் சொல்லியும் குறிப்பு வசையாகத் தொனிப்பது இதனால்தான். ஆகவே எழுதி முடித்த பின் ‘ஆனால்’, ‘இருந்தாலும்’, ‘என்றபோதிலும்’ ஆகியவற்றுக்கு அடிக்கோடிடுங்கள். அவற்றில் பாதியை நீக்கி, பாராட்டையும் குறையையும் தனித்தனி வாக்கியங்களாக, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்காமல் நிற்கவிடுங்கள். குடை கண்திறந்த அத்தியாயம் அருமை, முற்றுப்புள்ளி. கப்பா வீணாயிற்று, முற்றுப்புள்ளி. ஒன்று மற்றொன்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நட்சத்திரங்கள் போட்டு மதிப்பிடுவதை எங்கள் கூட்டத்தில் நிறுத்திவிட்டோம். ஐந்துக்கு மூன்று என்பது ‘பரவாயில்லை’யின் எண் வடிவம்தான். கட்டாயம் போட வேண்டிய இடத்தில், முதல் பாகத்துக்கு எத்தனை போட்டீர்கள் என்பதையும் உடன் எழுதுங்கள்.

முதல் பாகத்தைப் படிக்காதவர்கள் உங்கள் குறிப்பைப் படிக்கக்கூடும் என்பதால், முடிச்சுகளை அவிழ்த்துவிடாமல் எழுத வேண்டும். ‘ஒருவர் இறக்கிறார்’ என்பதைக்கூடத் தவிர்த்து ‘நூலின் பிற்பகுதியில் நிகழும் இழப்பு’ என்று எழுதலாம்.

முன்பு ‘பரவாயில்லை’ என்று முடித்திருந்த மாணவி ஒருத்தி, இந்த முறைப்படி இரண்டாம் தடவை எழுதிய குறிப்பை அவளுடைய அனுமதியுடன் கீழே தருகிறேன். ஓரிரு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

“இந்தப் பாகத்தில் என் மனதில் நிற்பது இரண்டு இரவுகள். ஒன்றில் பழைய குடை கண்ணைத் திறக்கிறது. மற்றொன்றில் நாயகி தன் வாலை மறைக்காமல் தூங்குகிறாள். இந்த இரண்டுக்காகவே நூலை மீண்டும் படிப்பேன். கதைசொல்லிகள் நான்கு பேராகும் இடத்தில் நான் இரண்டு நாள் புத்தகத்தை மூடி வைத்தேன். புதிய இருவரும் ஒரே குரலில் பேசுவதாக எனக்குப் பட்டது. முதல் பாகத்தில் நாயகியின் உள்ளேயே ஒரு கெட்ட நரி இருந்தது. அவளை நான் பயந்துகொண்டே நேசித்தேன். இப்போது அந்தக் கெட்ட நரி வெளியே போய்விட்டதால் எனக்குப் பயமும் போய்விட்டது, நேசமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. மூடுபனி பற்றிய வருணனைகளை ஆசிரியர் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பனி இவ்வளவு சொல்பேச்சுக் கேட்டு, தேவைப்படும் நேரத்தில் மட்டும் வருவதில்லை. தாயைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை என்ற என் வருத்தம் என்னுடையது. மூன்றாம் பாகத்தை வாங்குவேன். அதில் கப்பா மறுபடியும் வந்தால், யாராவது ஒருவர் அதற்குத் தலைவணங்கினால் நன்றாக இருக்கும்.”